எழுபது பர்சன்ட் அடைப்பு: ஸ்டென்ட்டை முதல்ல கம்ப்யூட்டர்ல வச்சுப் பாக்குற கதை

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. கோயம்புத்தூர்ல பம்ப் டிசைன் பண்ற வேலை, தண்ணி எங்க சுத்துது, எங்க பிரஷர் விழுதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்குறதுதான் பொழப்பு. ரெண்டு வருஷம் முன்னாடி பெரியப்பாவுக்கு நெஞ்சுல ஒரு இறுக்கம், மாடிப்படி ஏறுனா வருது, உக்காந்தா போயிடுது, சரின்னு ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ல டை விட்டு எடுக்கற எக்ஸ்ரே படம்) எடுத்தா இதயத்துக்குப் போற ஒரு ரத்தக்குழாய்ல 70% அடைப்புன்னு ரிப்போர்ட். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள சொந்தபந்தம் எல்லாருக்கும் அந்த எழுபது தெரிஞ்சுபோச்சு, ஒருத்தர் உடனே ஸ்டென்ட் (அடைச்ச குழாயை விரிச்சுப் பிடிக்கிற குட்டி வலை) வைங்கங்கறார், ஒருத்தர் பைபாஸே பண்ணிடுங்க ஒரேடியா முடிஞ்சிடும்ங்கறார், பூண்டும் எலுமிச்சையும் போட்டு கொதிக்க வைக்கிற கஷாயம் வாட்ஸ்அப்ல மூணு தடவை வந்துச்சு. டாக்டர் மட்டும் அவசரப்படல. "இந்த எழுபதை வச்சு முடிவு பண்ண வேண்டாம், பிரஷர் பாத்துடலாம்"னார். பிரஷர்னு காதுல விழுந்ததும் அட இது நம்ம ஏரியாவாச்சேன்னு அன்னிக்கு ராத்திரி படிக்க ஆரம்பிச்சதுதான், அதுல எனக்குப் புரிஞ்ச அளவுக்கு இங்க எழுதறேன்.

எழுபது பர்சன்ட்னா எதுல எழுபது? பெரும்பாலும் குழாயோட விட்டத்துல. 3 மில்லிமீட்டர் விட்டம் இருக்க வேண்டிய எடத்துல 0.9 மில்லிமீட்டர்தான் இருக்குன்னு அர்த்தம். பரப்பளவா கணக்கு போட்டா 0.3 தடவை 0.3, அதாவது 9% தான் தெறந்திருக்கு, மீதி 91% மூடியாச்சு. இதுக்கு மேல பீதியைக் கிளப்பணும்னா புவாஸே இருக்கார். 1840கள்ல பிரான்ஸ்ல இருந்த ஒரு டாக்டர், ரத்தம் எப்படி ஓடுதுன்னு புரிஞ்சுக்க கண்ணாடிக் குழாய்ல தண்ணிய விட்டு அளந்து பாத்தவர் (டாக்டர் ஒருத்தர் கண்டுபிடிச்சதைத்தான் நாங்க எஞ்சினியருங்க எங்களுதுன்னு சொல்லிட்டுத் திரியறோம்). அவர் சொன்னது, ஒரே பிரஷர்ல குழாயோட ஆரம் பாதியானா ஓட்டம் பாதியாகாது, பதினாறுல ஒண்ணு ஆகும். ஆரத்தோட நாலாவது அடுக்கு.

அப்ப பெரியப்பாவுக்கு ரத்தமே போயிருக்கக் கூடாதே, எப்படி உக்காந்து பேப்பர் படிச்சுட்டு இருக்கார்?

இதுக்கு வீட்டுலயே ஒரு சோதனை பண்ணலாம். மேல் டேங்க்ல இருந்து இறங்குற லைன்ல கேட் வால்வை பாதி மூடிட்டு கீழ ஒரே ஒரு குழாயை கொஞ்சமா தொறங்க, தண்ணி வழக்கம்போலதான் வரும், ஒரு வித்தியாசமும் தெரியாது, ஏன்னா அங்க தண்ணிய கட்டுப்படுத்துறது வால்வு கெடயாது, கீழ இருக்கற குழாய்தான். இப்ப பாத்ரூம் ஷவர், சமையக்கட்டு, வாஷிங் மெஷின் எல்லாத்தையும் ஒண்ணா தொறங்க. அப்பத்தான் வால்வு மூடியிருக்கறதே தெரியும். இதயத்துலயும் இதேதான். மேல தெரியுற பெரிய குழாய்கள் நல்லா இருந்தா பெருசா எதிர்ப்பு காட்டாது, உண்மையான எதிர்ப்பு தசைக்குள்ள இருக்கற நுண்ணிய குழாய்கள்லதான் இருக்கு. மேல அடைப்பு வந்தா கீழ இருக்கறதுங்க விரிஞ்சு குடுத்து ஈடுகட்டிடும். சும்மா இருக்கும்போது இதயத் தசைக்கு நிமிஷத்துக்கு கால் லிட்டர் போல ரத்தம் போதும், ஓடுனா ஏறுனா மூணு நாலு மடங்கு வேணும், அந்த நேரத்துலதான் விரியறதுக்கு மிச்சம் இல்லாம மாட்டிக்குது. 1974-ல லான்ஸ் கூல்ட்னு ஒரு அமெரிக்க டாக்டர் நாய்கள்ல இதை அளந்தார், சும்மா இருக்கும்போது ஓட்டம் குறையணும்னா விட்டத்துல 85% வரைக்கும் அடைக்கணும், ஆனா உச்சபட்ச ஓட்டம் 30லருந்து 45% அடைப்புலயே குறைய ஆரம்பிச்சிடுது.

இதுல 50க்கும் 90க்கும் நடுவுல இருக்கறதுதான் குழப்பமான ஏரியா. ஒரே 70% தான், ஆனா குட்டையா இருக்கா நீளமா இருக்கா, ரத்தம் வழவழன்னு நுழையுதா மோதிச் சுழியுதா, அந்தக் குழாய்க்குக் கீழ எவ்வளவு தசை இருக்கு, இதையெல்லாம் பொறுத்து ஒருத்தருக்கு ஆபத்து, இன்னொருத்தருக்கு ஒண்ணுமில்ல. ஆஞ்சியோ படம் நிழல் மாதிரி, அது இதைச் சொல்லாது.

அதனால நெதர்லாந்து நிக்கோ பெய்ல்ஸும் பெல்ஜியம் பெர்னார்ட் டி ப்ரூனாவும் 1990கள்ல ஒரு நேரடி வழியைக் கொண்டு வந்தாங்க. தலைமுடி கணக்கா மெல்லிசா ஒரு கம்பி, நுனிகிட்ட பிரஷர் சென்சார், அதை அடைப்பைத் தாண்டி அனுப்பி, அடினோசின்ங்கற மருந்தைக் குடுத்து கீழ் குழாய்களையெல்லாம் விரிய வச்சு (எல்லா பைப்பையும் தொறந்து விடறோம்ல, அதே வேலை), அடைப்புக்கு அந்தப்பக்கம் இருக்கற பிரஷரை இந்தப்பக்க பிரஷரால வகுக்கணும். மேல 100, கீழ 75னா 0.75. இதுக்குப் பேரு எஃப்எஃப்ஆர். 0.80 இல்ல அதுக்குக் கீழ வந்தா அந்த அடைப்பு தசையைப் பட்டினி போடுதுன்னு எடுத்துக்கறாங்க. 2009-ல வந்த ஃபேம் ட்ரையல்ல 1005 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பாதிக்கு படத்தைப் பாத்து ஸ்டென்ட், இன்னொரு பாதிக்கு இந்த நம்பரைப் பாத்து ஸ்டென்ட். ஒரு வருஷத்துல சாவு, மாரடைப்பு, திரும்ப ப்ரொசீஜர் இதெல்லாம் சேத்து முதல் குரூப்ல 18.3%, ரெண்டாவதுல 13.2%, அதுவும் கம்மி ஸ்டென்ட் வச்சு. இதுல என்னைத் தூக்கிவாரிப்போட்டது வேற ஒண்ணு, கண்ணால பாத்து 50லருந்து 70% வரைக்கும்னு சொன்ன அடைப்புகள்ல 35% தான் நிஜமாவே பிரஷரைக் குறைச்சுது, 71லருந்து 90%ன்னு சொன்னதுலகூட அஞ்சுல ஒண்ணு சும்மா இருந்துச்சு.

சரி, கம்பி விட்டு அளக்கலாம்னா கம்ப்யூட்டர் எதுக்கு? கம்பி விடணும்னா கை வழியாவோ தொடை வழியாவோ இதயம் வரைக்கும் போகணும், ஆளை கேத் லேப்ல (ரத்தக்குழாய்க்குள்ள கம்பி விடற அறை) படுக்க வைக்கணும், அவ்வளவு பண்ணிட்டு கடைசில ஒண்ணுமில்லன்னு திரும்புற ஆளுங்க நிறைய. இன்னொரு விஷயமும் இருக்கு, கம்பி இப்ப இருக்கற நிலமையைத்தான் சொல்லும், ஸ்டென்ட் வச்சதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு வச்சுப் பாத்தாத்தான் தெரியும், வச்சிட்டா எடுக்க முடியாது.

ஸ்டான்ஃபோர்டுல சார்லஸ் டெய்லர்னு ஒரு எஞ்சினியரும் கிறிஸ்டோபர் ஸாரின்ஸ்னு ஒரு ரத்தக்குழாய் சர்ஜனும் 1990கள்லயே இதைத்தான் யோசிச்சிருக்காங்க. பாலம் கட்டுறவன், விமானம் செய்யறவன் எல்லாம் முன்கூட்டியே கணக்கு போட்டுப் பாக்கறான், சர்ஜன் மட்டும் ஏன் அனுபவத்தை நம்பி கத்தி வைக்கணும், அந்தந்த நோயாளியோட குழாயையே கம்ப்யூட்டர்ல செஞ்சு அதுல சிகிச்சையைப் பண்ணிப் பாத்துட்டு அப்புறம் நிஜத்துல பண்ணலாமேன்னு. 2007-ல அவங்க ஆரம்பிச்ச கம்பெனிதான் பின்னாடி ஹார்ட்ஃப்ளோன்னு ஆச்சு, 2014 நவம்பர்ல அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தர்ற எஃப்டிஏவோட அனுமதி, 2017-ல இங்கிலாந்துல எந்த சிகிச்சையை எடுத்துக்கலாம்னு அரசு மருத்துவத்துக்குச் சொல்ற நைஸ் அமைப்போட பரிந்துரை. வேற குழுக்களும் இருக்காங்க, ஆனா ஆரம்பத்துல புரிஞ்சுக்க இது ஒண்ணு போதும்.

வேலை எப்படி நடக்குதுன்னா, முதல்ல சிடி ஸ்கேன். கையில ஊசி வழியா டை ஏத்தி, இதயத்துடிப்பைக் குறைக்க மாத்திரை, குழாய் விரிய நாக்குக்கு அடியில ஒரு நைட்ரோகிளிசரின், மூச்சைப் பிடிச்சா சில நொடில முடிஞ்சிடும். அந்தப் படத்துல இருந்து மகாதமனியையும் அதுல இருந்து கிளைக்கிற இதயக் குழாய்களையும் தனியா வெட்டி எடுத்து முப்பரிமாண உருவம் ஆக்கணும். அப்புறம் மெஷ், அதாவது அந்தக் குழாயோட உள்பக்கம் முழுக்க சின்னச்சின்ன நாலுமுகக் கட்டைகளா நிரப்பறது, லட்சக்கணக்குல வரும். ஒவ்வொரு கட்டைக்குள்ளயும் வேகம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவுன்னு நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டைத் தீக்கணும். அது பெரிய பேரா இருந்தாலும் உள்ள இருக்கறது பள்ளிக்கூட நியூட்டன்தான், தள்ளுற விசை, உரசுற விசை, அதனால திரவம் எவ்வளவு வேகம் எடுக்குது, அவ்வளவுதான். ரத்தம் தண்ணியை விட கொஞ்சம் கனம், லிட்டருக்கு 1.06 கிலோ, குழகுழப்பு மூணு நாலு மடங்கு ஜாஸ்தி, இந்த ரெண்டையும் போட்டாச்சுன்னா மத்தபடி நான் தினமும் பம்புக்கு ஓட்டுற கணக்குக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

வித்தியாசம் வர்றது ஓரத்துலதான். பம்புல உள்ள வர்ற பிரஷர் தெரியும், வெளிய போற பிரஷர் தெரியும், ரெண்டையும் குடுத்தா நடுவுல கம்ப்யூட்டர் பாத்துக்கும். இதயக் குழாய்ல உள்ள வர்ற பிரஷரை கைல கட்டுற பிபி மெஷின்லயே தோராயமா எடுத்துக்கலாம். வெளிய? சிடில தெரியுற குழாய் ஒரு மில்லிமீட்டர் பக்கத்துல வந்ததும் மங்கிடும், அதுக்கு அப்புறம் இருக்கற ஆயிரக்கணக்கான நுண்குழாய்கள் படத்துலயே கெடயாது. ஆனா எதிர்ப்பு முழுக்க அங்கதான இருக்குன்னு இப்பத்தான் சொன்னேன்!

கீழ்பவானி வாய்க்கால் பாசனம் பாத்தவங்களுக்கு இது சட்டுனு புரியும். வாய்க்காலோட அகலம் ஆழம் எல்லாத்தையும் இஞ்ச் இஞ்சா அளந்துட்டாலும், ஒவ்வொரு மடையிலயும் எவ்வளவு காடு (வயல்) இருக்கு, எவன் எவ்வளவு தண்ணி இழுக்கறான்னு தெரியாம வாய்க்கால்ல எந்த எடத்துல எவ்வளவு ஓடும்னு சொல்ல முடியாது. ரத்தக்குழாய் மாடலோட கெட்டித்தனம் முழுக்க இந்த கடைமடையை எப்படி ஊகிக்கிறாங்கங்கறதுலதான் இருக்கு. அதே சிடில இதயத் தசையோட அளவு தெரியும், இவ்வளவு தசைக்கு சும்மா இருக்கும்போது இவ்வளவு ரத்தம் வேணும்னு உடலியல்ல ஒரு கணக்கு இருக்கு, அது மொத்த ஓட்டம். அதை கிளைகளுக்குள்ள பிரிக்க இன்னொரு விதி, குழாய் எவ்வளவு பெருசோ அவ்வளவு பெரிய காட்டுக்கு அது தண்ணி பாய்ச்சுது, பெரிய குழாய்னா கீழ எதிர்ப்பு கம்மின்னு எடுத்துக்கறது. 1926-ல செசில் மர்ரேன்னு ஒருத்தர் குழாய் ஆரத்தோட மூணாவது அடுக்குக்கும் ஓட்டத்துக்கும் முடிச்சுப் போட்டார், அந்த வழில வந்த விதிதான் இது. கடைசியா அடினோசின், நிஜமா ஊசி போடறதில்ல, கீழ இருக்கற எதிர்ப்பை கால்வாசி அளவுக்குக் குறைச்சுடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிடறாங்க, ஏன்னா நல்ல ஆளுங்களுக்கு அந்த மருந்து குடுத்தப்ப ஓட்டம் நாலு மடங்கு போல ஏறுனதை முன்னாடியே அளந்து வச்சிருக்காங்க. இதுல இன்னொரு வேடிக்கை, உடம்பு பூரா இதயம் சுருங்கும்போது ரத்தம் வாங்குது, இதயம் மட்டும் தான் சுருங்கும்போது தன் குழாயையே நசுக்கிக்கறதால பெரும்பாலும் விரியும்போதுதான் தனக்கு எடுத்துக்குது, ஊருக்கெல்லாம் பந்தி போட்டுட்டு கடைசில சாப்பிடற வீட்டுக்காரன் மாதிரி. இதையும் மாடல்ல சேக்கலாம், ஆனா நமக்கு வேண்டியது சராசரி பிரஷர்தான்னா பல பேரு இதை விட்டுட்டு நிலையான ஓட்டமா கணக்கு போட்டுடறாங்க. இங்கிலாந்து ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு 2013-ல ஒரு ஆளுக்கு ஒரு நாள் பூரா ஓடவிட்ட கணக்கை பின்னாடி சில நிமிஷத்துக்குக் கொண்டு வந்தது இந்த மாதிரி சுருக்கி சுருக்கித்தான்.

ஓட்டி முடிச்சா குழாய் பூரா கலர் கலரா வரும், ஒவ்வொரு எடத்துலயும் எஃப்எஃப்ஆர் எவ்வளவுன்னு. கம்பி ஒரு எடத்துல சொல்றதை இது எல்லா எடத்துலயும் சொல்லுது.

இப்பத்தான் சிகிச்சை. அடைப்பு இருக்கற எடத்தை மவுஸ்ல பிடிச்சு 0.9 மில்லிமீட்டரை 3 மில்லிமீட்டராக்கிட்டு திரும்ப ஓட்டு. உதாரணத்துக்கு 0.72 இருந்தது 0.91 ஆச்சுன்னா ஸ்டென்ட் வேலை செய்யும். அதே ஆளுக்கு வெறும் 0.78 தான் ஆச்சுன்னா? குழாய் பூரா கொஞ்சம் கொஞ்சமா படிஞ்சிருக்கு, ஒரு எடத்துல ஸ்டென்ட் வச்சு பிரயோஜனம் கம்மின்னு அர்த்தம். ஆஞ்சியோ படத்துல ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவாங்க. இன்னும் சிக்கலானது ஒரே குழாய்ல வரிசையா ரெண்டு அடைப்பு. முதல் அடைப்பு ஓட்டத்தையே குறைச்சுடறதால ரெண்டாவதுல பிரஷர் பெருசா விழாது, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும், முதலாவதைச் சரி பண்ணுனதும் ஓட்டம் ஏறி ரெண்டாவது தன் வேலையைக் காட்டும். கேட் வால்வு ரெண்டு வரிசையா இருந்தா எது குத்தவாளின்னு கண்டுபிடிக்கற கஷ்டம்தான். மாடல்ல முதலாவதை மட்டும் தொற, ரெண்டாவதை மட்டும் தொற, ரெண்டையும் தொறன்னு மூணு தடவை ஓட்டிட்டா தெரிஞ்சிடும், ஆளுக்கு ஒரு கீறலும் இல்லாம. பைபாஸுக்கும் இப்படிப் பாக்கலாம், அடைப்பு லேசா இருக்கற குழாய்ல புதுக்குழாய் தெச்சா பழைய வழியும் ரத்தம் குடுக்கும், புதுசுல ஓட்டம் மந்தமாகி அது மூடிக்கற அபாயம் உண்டு.

ஸ்டென்ட்டே எப்படி இருக்கணும்னு பாக்கறது வேற பிரிவு. கோபால்ட்-குரோமியம் வலையை பலூன் மேல சுருக்கி வச்சு உள்ள கொண்டுபோய் விரிக்கிறாங்க, பலூனை எடுத்ததும் லேசா சுருங்கும், எந்த மூலைல விரிசல் வரும்னு ஃபைனைட் எலிமென்ட்ல (பொருளைச் சின்னச்சின்னத் துண்டாப் பிரிச்சு விசையைக் கணக்கு போடற முறை) பாக்கணும். நிமிஷத்துக்கு 75 துடிப்புன்னா வருஷத்துக்கு நாலு கோடி, பத்து வருஷத்துக்கு 40 கோடி தடவை அந்தக் கம்பி வளையணும், எங்க பம்ப் ஷாஃப்ட்டெல்லாம் இதுக்கு முன்னாடி என்ன. ஸ்டென்ட் மேல பூசியிருக்கற மருந்து சுவருக்குள்ள எப்படிப் பரவுதுங்கறதும் கணக்குதான். எனக்குப் பிடிச்சது ஸ்டென்ட் வலைக் கம்பியோட தடிமன் விஷயம். ரத்தம் சுவரை உரசிட்டு ஓடுனாத்தான் சுவர் ஆரோக்கியமா இருக்கும், மந்தமா சுழியற எடத்துலதான் கொழுப்பு படியும், ரத்தம் உறையும். கம்பி தடியா இருந்தா அதுக்குப் பின்னாடி ஒரு சுழி, பாறைக்குப் பின்னாடி ஆத்துல இருக்குமே, அது மாதிரி. சில வருஷத்துல கரைஞ்சே போற ஸ்டென்ட்னு பெருசா பேசப்பட்ட அப்சார்ப் 2016-ல அமெரிக்க அனுமதி வாங்கி 2017-லயே விக்கறதை நிறுத்திட்டாங்க, உலோகத்தை விட ரத்தக்கட்டி அதிகம் வந்துச்சு, அதோட கம்பி 150 மைக்ரான் சொச்சம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). இப்ப வர்ற உலோக ஸ்டென்ட்டுங்க 60, 80 மைக்ரான்.

இவ்வளவு சொல்லிட்டு இதோட ஓட்டையைச் சொல்லலன்னா நான் சேல்ஸ்மேன் ஆயிடுவேன். புவாஸேயோட நாலாவது அடுக்கை மறுபடி நினைச்சுக்கோங்க. சிடி ஸ்கேன் படத்துல ஒவ்வொரு புள்ளியோட அளவும் அரை மில்லிமீட்டர் பக்கம், அடைப்புல மிச்சம் இருக்கறது 0.9 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு புள்ளி. ஆரத்தை 10% ஜாஸ்தியா வரைஞ்சுட்டா ஓட்டம் 46% ஜாஸ்தின்னு காட்டும். சுண்ணாம்பு மாதிரி கால்சியம் படிஞ்சிருந்தா சிடில அது பளிச்சுனு வீங்கித் தெரிஞ்சு இருக்கற வழியையும் மறைச்சிடும். ஏற்கனவே ஸ்டென்ட் வச்சவங்க, பைபாஸ் ஆனவங்க, இப்பத்தான் மாரடைப்பு வந்தவங்க இவங்களுக்கெல்லாம் இந்த சிடி கணக்கு ஆரம்பத்துல இருந்தே சொல்லப்படல. சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு நுண்குழாய்களே சரியா விரியாம இருக்கலாம், மாடலோ எல்லாருக்கும் நல்லா விரியும்னு நம்பிட்டு இருக்கு.

நம்பர்லயும் இது தெரியுது. 2017-ல அஞ்சு ஆய்வுகளைச் சேத்துப் பாத்ததுல மொத்தமா 82% போல கம்பியோட தீர்ப்பும் கம்ப்யூட்டரோட தீர்ப்பும் ஒத்துப்போச்சு, கம்ப்யூட்டர் 0.90க்கு மேலன்னு சொன்னா 98%, ஆனா 0.70க்கும் 0.80க்கும் நடுவுலன்னு சொன்னா 46% தான். காசு சுண்டிப் போட்டாலே அம்பது வருமேய்யா! எங்க நமக்கு சந்தேகமோ அங்கதான் அதுக்கும் சந்தேகம். ஆஞ்சியோ படத்துல இருந்தே கணக்கு போடற கியூஎஃப்ஆர்னு ஒரு தம்பி முறை இருக்கு, சீனாவுல 3800 சொச்சம் பேர்கிட்ட வெறும் கண்ணால பாக்கறதை விட நல்லா வந்துச்சு, 2021-ல. அதையே ஐரோப்பாவுல 2000 பேர்கிட்ட நிஜக் கம்பியோட மோத விட்டாங்க, 2024-ல ரிசல்ட், ஒரு வருஷத்துல கெட்டது நடந்தது கம்பிக்கு 4.2%, கணக்குக்கு 6.7%. கம்பி ஜெயிச்சுது. என்னைக் கேட்டா, கணக்கு வேலைக்கு ஆகாதுன்னு இதுக்கு அர்த்தம் கெடயாது, கம்பி விட வசதி இருக்கற எடத்துல கம்பியை விடுங்க, ஆளை கேத் லேப்புக்கே அனுப்பணுமான்னு முடிவெடுக்கற எடத்துல கணக்கை வைங்க. அங்க இது நல்லாவே உதவுது, 2015-ல வந்த பிளாட்ஃபார்ம் ஆய்வுல ஆஞ்சியோவுக்கு நாள் குறிச்சிருந்தவங்கள்ல 61% பேருக்கு இந்த சிடி கணக்கைப் பாத்துட்டு ஆஞ்சியோவே ரத்து பண்ணிட்டாங்க.

மாத்திரையும் சிகிச்சைதான், அதை மறந்துடக் கூடாது. 5179 பேரை வச்சு நடந்த இஸ்கீமியா ட்ரையல்ல, திடீர்னு வராம ஒரே நிலைல இருக்கற நெஞ்சுவலிக்காரங்களுக்கு உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ பண்ணுனாலும் முதல்ல மாத்திரையோட இருந்தாலும் சாவுல வித்தியாசம் தெரியல, வலி குறையறதுலதான் ஸ்டென்ட் பக்கம் லாபம். மாரடைப்பு வந்து துடிக்கிற ஆளுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது, அங்க குழாயைத் தொறக்கறதுதான் முதல் வேலை, நேரம் போகக் கூடாது.

பெரியப்பாவுக்கு கடைசில கம்பி விட்டுத்தான் பாத்தாங்க. 0.86. ஸ்டென்ட் வேண்டாம்னு சொல்லி கொழுப்புக்கும் பிபிக்கும் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, தினமும் நடக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க, இப்ப பரவாயில்ல. நான் அவருக்கு டேங்க், வால்வு, வாய்க்கால் எல்லாம் சொல்லி ஒரு மணி நேரம் விளக்குனேன், தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கிட்டார். நேத்து போன் பண்ணி, "ஏங்கண்ணு, அந்த எழுவது இப்ப ஒரு அறுவதாவது ஆயிருக்குமா?"ங்கறார்.